மருந்துக்கும் ஒரு பரீட்சை!

எலியிடம் ஜெயித்த மருந்து மனிதரிடம் தோற்றது. மாரடைப்பு சிகிச்சையின்போது இருதயத்தைக் காக்க மருந்து தேடிய டாக்டர்களுக்குக் கிடைத்த பாடம் என்ன?

நள்ளிரவு. ஆஸ்பத்திரி வராந்தா.

வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி கையைப் பிசைந்துகொண்டு வெளியே நிற்கிறாள்.

ஒரு டாக்டர் வருகிறார். கையில் ஒரு காகிதம்.

"அம்மா, அடைப்பை நீக்கும் சிகிச்சை உங்கள் வீட்டுக்காரருக்குத் தப்பாமல் நடக்கும். அதோடு, இருதயத்தைக் காக்க ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறோம். அவரிடம் கேட்டோம். உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். சம்மதமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"சோதனையா? என் வீட்டுக்காரர் என்ன எலியா?"

கேள்வி நியாயமானதுதான். இந்த நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், டாக்டர்கள் பல ஆண்டுகளாகப் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஜெயித்த கதையும் அதில் உண்டு. தோற்ற கதையும் உண்டு.

பட்டினி கிடக்கும் தசை

இருதயம் ஒரு தசை. கை முஷ்டி அளவுதான் இருக்கும். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புவது அதன் வேலை.

ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவனுக்கும் பசிக்கும் அல்லவா? இருதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனியாக ரத்தக் குழாய்கள் இருக்கின்றன.

அந்தக் குழாயின் உள்ளே கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. குழாய் அடைத்துக்கொள்கிறது. இதுதான் மாரடைப்பு.

அடைத்த நிமிஷத்திலிருந்து அந்தப் பகுதித் தசை பட்டினி கிடக்கிறது. நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்த தசை மறுபடி வளராது. அந்த இடத்தில் வடுதான் மிஞ்சும்.

தசை அதிகமாகச் செத்தால் இருதயம் பலவீனமாகும். பிழைத்தவர்கூட நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவார், கால் வீங்கும், உழைக்க முடியாது.

அடைப்பைத் திறந்தார்கள்

ஒரு காலத்தில் மாரடைப்புக்குப் படுக்கையும் ஓய்வும்தான் முக்கிய சிகிச்சை. பிறகு, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் "ஸ்ட்ரெப்டோகைனேஸ்" என்ற மருந்து வந்தது.

அது உண்மையில் உயிரைக் காக்கிறதா? இத்தாலி நாட்டு டாக்டர்கள் 11 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1986-ம் ஆண்டு முடிவு வந்தது.

மருந்து கொடுக்கப்படாதவர்களில் 21 நாளில் 100-க்கு 13 பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 11 பேருக்குச் சற்றுக் குறைவாக இறந்தார்கள். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது!

இரண்டு ஆண்டு கழித்து, 1988-ல், இன்னொரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. அதன் பெயர் "ஐசிஸ்-2". இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு டாக்டர்கள் முன்னின்று நடத்தினார்கள். 417 ஆஸ்பத்திரிகளில் 17,187 நோயாளிகள் சேர்ந்தார்கள்.

இதில் ஸ்ட்ரெப்டோகைனேசோடு இன்னொரு மருந்தையும் சோதித்தார்கள். அது என்ன தெரியுமா? தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின்!

இரண்டு மருந்தும் பெறாதவர்களில், ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக்குழாய் நோயால் 100-க்கு 13 பேர் இறந்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் 8 பேர் இறந்தார்கள். அன்று முதல் ஆஸ்பிரின் மாரடைப்பு சிகிச்சையில் நிலையான இடம் பிடித்தது.

இதற்கிடையே, 1977-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர் வேறொரு வழி காட்டினார். மெல்லிய குழாயின் முனையில் சிறு பலூனை வைத்து இருதய ரத்தக் குழாய்க்குள் செலுத்தினார். பலூனை ஊதி, குறுகிப்போன குழாயை விரித்தார். இன்று மாரடைப்பு வந்தவருக்கு "ஆஞ்சியோ" செய்து, "ஸ்டென்ட்" வைப்பது இந்த வழியில் வந்ததுதான்.

மடை திறந்தது, வரப்பு உடைந்தது!

அடைப்பு நீங்கினால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அங்கேதான் ஓர் அதிர்ச்சி.

பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயலுக்கு மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பாய்ந்து வரும் தண்ணீர் பயிரைக் காப்பாற்றும். வரப்பையும் அரித்துக்கொண்டு போகும்.

இருதயத்திலும் அப்படித்தான் நடக்கிறது. பட்டினி கிடந்த தசைக்குள் திடீரென்று ரத்தம் பாயும்போது, பிழைத்திருந்த செல்களிலும் சில செத்துப்போகின்றன.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஜென்னிங்சும் அவருடன் இருந்தவர்களும் 1960-ம் ஆண்டிலேயே நாய்களின் இருதயத்தில் இதைக் கவனித்தார்கள். மொத்தச் சேதத்தில் பாதி வரைகூட இப்படி வரலாம் என்று பின்னால் நடந்த விலங்கு ஆராய்ச்சிகள் காட்டின.

அதற்காக அடைப்பைத் திறக்காமல் இருக்க முடியுமா? முடியாது. திறக்காவிட்டால் பயிர் முழுவதும் போய்விடும். திறக்கத்தான் வேண்டும். திறக்கும்போது வரப்பு உடையாமல் காக்க ஒரு மருந்தும் வேண்டும்.

டாக்டர்கள் தேடியது அந்த மருந்தைத்தான்.

நார்வே மண்ணில் கிடைத்த மருந்து

1969-ம் ஆண்டு. நார்வே நாட்டு மலைப்பகுதி ஒன்றிலிருந்து ஒரு பிடி மண் சுவிட்சர்லாந்தின் "சாண்டோஸ்" மருந்து கம்பெனிக்கு வந்தது. அந்த மண்ணில் ஒரு பூஞ்சைக் காளான் இருந்தது. அதிலிருந்து எடுத்த மருந்துதான் "சைக்ளோஸ்போரின்".

ஒருவர் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால் உடம்பு அதை அந்நியன் என்று எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்க இந்த மருந்து உதவியது. 1978-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் டாக்டர் ராய் கேன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் ஏராளமானவர்களுக்கு அது வாழ்வு கொடுத்தது.

அதற்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

இருதயத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னஞ்சிறு அறைகள் ஏராளமாக இருக்கின்றன. "மைட்டோகாண்ட்ரியா" என்று பெயர். செல்லுக்குச் சக்தி தரும் அடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பட்டினி கிடந்த செல்லுக்குத் திடீரென்று ரத்தம் வந்ததும் அந்த அறையின் சுவரில் ஓர் ஓட்டை திறக்கிறது. அடுப்பு அணைகிறது. செல் சாகிறது.

அந்த ஓட்டை திறக்காமல் சைக்ளோஸ்போரின் தடுக்கிறது என்று 1988-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள்! எலிகளிடம் சோதித்தார்கள். முயல்களிடம் சோதித்தார்கள். செத்த தசையின் அளவு குறைந்தது.

58 பேரிடம் மகிழ்ச்சி

பிரெஞ்சு நாட்டு டாக்டர்கள் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். லியோன் நகரைச் சேர்ந்த மிஷேல் ஓவிஸ் அவர்களில் ஒருவர்.

58 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்தார்கள். திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். அடைப்பைத் திறப்பதற்குச் சற்று முன் ஒரு பிரிவுக்குச் சைக்ளோஸ்போரின் ஊசி. இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்பு நீர்.

2008-ம் ஆண்டு முடிவு வந்தது. இருதயத் தசை சாகும்போது ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளந்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் அது குறைந்திருந்தது. 27 பேரின் இருதயத்தைப் படம் எடுத்தும் பார்த்தார்கள். உப்பு நீர் பெற்றவர்களிடம் செத்த தசை 46 கிராம் அளவு. மருந்து பெற்றவர்களிடம் 37 கிராம்.

உலகம் முழுவதும் இருதய டாக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "மருந்து கிடைத்துவிட்டது!" என்று கொண்டாடத் தோன்றும் நேரம் அது.

அந்த டாக்டர்கள் அவசரப்படவில்லை. "58 பேர் போதாது. பெரிய பரீட்சை வைப்போம்" என்று முடிவு செய்தார்கள்.

970 பேரிடம் ஏமாற்றம்

2011-ம் ஆண்டு ஏப்ரலில் பெரிய சோதனை தொடங்கியது. பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்பெயின் நாடுகளில் 42 ஆஸ்பத்திரிகள். 970 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பது நோயாளிக்கும் தெரியாது. சிகிச்சை செய்யும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால், "மருந்து பெற்றவர் நன்றாகத்தான் இருப்பார்" என்று மனம் சாய்ந்துவிடும். அதற்காகத்தான் இந்த ரகசியம்.

ஓர் ஆண்டு வரை அவர்களைக் கவனித்தார்கள். இறந்தவர்கள், இருதயம் பலவீனமாகி அவதிப்பட்டவர்கள், இருதயத்தின் இடது அறை விரிந்து பெரிதானவர்கள் எல்லாரையும் கூட்டிக் கணக்குப் பார்த்தார்கள்.

2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் நடந்த மாநாட்டில் முடிவு வெளியானது.

மருந்து பெற்றவர்களில் 100-க்கு 59 பேருக்குத் தீங்கு நேர்ந்திருந்தது. மருந்து பெறாதவர்களில் 58 பேருக்கு!

அதாவது, மருந்தினால் ஒரு பயனும் இல்லை.

மறு ஆண்டு, இத்தாலியில் 410 பேரிடம் நடந்த சோதனையும் கிட்டத்தட்ட இதையே சொன்னது.

மிதுனமும் துலாமும்

எலிக்கு உதவிய மருந்து மனிதருக்கு ஏன் உதவவில்லை?

சோதனைச்சாலை எலி இளமையானது. சர்க்கரை நோய் கிடையாது. அடைப்பு எப்போது உண்டாகும், எப்போது திறக்கும் என்பதெல்லாம் ஆராய்ச்சியாளர் கையில். மனிதர் அப்படியா? அறுபது வயது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகைப் பழக்கம். ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகள் நாலு. வலி வந்து பல மணி நேரம் கழித்து வருகிறார். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

முதல் சோதனையிலும் இரண்டாவது சோதனையிலும் மருந்தைக் கரைத்த முறை வேறு என்று சிலர் சுட்டிக் காட்டினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. சிறு கூட்டத்தில் அதிர்ஷ்டம் விளையாடும். நாலு முறை காசு சுண்டினால் நாலும் தலையாக விழலாம். நாலாயிரம் முறை சுண்டினால் அப்படி விழாது.

இதை விளக்க ஐசிஸ்-2 டாக்டர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி மேல்நாட்டு ராசிவாரியாகப் பிரித்தார்கள். ஆஸ்பிரின் மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் கெடுதல் செய்வதுபோலவும், மற்ற ராசிகளுக்கெல்லாம் மிகவும் நல்லது செய்வதுபோலவும் கணக்கு வந்தது!

ஆஸ்பிரினுக்கு ராசி தெரியுமா? தெரியாது. பெரிய கூட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டினால், இல்லாத உண்மைகள்கூட இருப்பதுபோல் தோன்றும். அதைக் காட்டத்தான் அந்த வேடிக்கை.

"எனக்குத் தெரிந்த நாலு பேருக்கு இந்த மருந்து குணம் கொடுத்தது" என்று யாராவது சொன்னால், மிதுனத்தையும் துலாத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சோதிக்காமல் கொடுத்தால்?

"பயன் இல்லாவிட்டால் போகட்டும். கெடுதல் இல்லையே! கொடுத்துப் பார்க்கலாமே!" என்று சிலர் கேட்பார்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது.

மாரடைப்பிலிருந்து பிழைத்த சிலருக்கு இருதயத் துடிப்பு தாளம் தப்பும். தாளம் தப்புகிறவர்கள் திடீரென்று இறந்துபோவதும் உண்டு. எனவே தாளத்தைச் சரிசெய்யும் மருந்துகளைக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். "என்கைனைடு", "ஃப்ளெக்கைனைடு" என்று இரண்டு மருந்துகள் இருந்தன. அவற்றைக் கொடுத்தால் துடிப்பு சீராகும். கருவியில் கண்ணால் பார்க்கலாம்.

கண்ணால் பார்த்த பிறகு பரீட்சை எதற்கு? ஆனாலும் வைத்தார்கள்.

மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்தான் இறந்தார்கள்!

தாளத்தைச் சரிசெய்த மருந்தே உயிரையும் பறித்தது. 1989-ல் அந்தச் சோதனையில் இரண்டு மருந்துகளையும் நிறுத்தினார்கள். பரீட்சை வைக்காமல் இருந்தால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே டாக்டர்கள் அந்த மாத்திரையை எழுதிக்கொண்டிருப்பார்கள். இறந்தவரின் வீட்டில், "விதி முடிந்தது" என்று அழுதிருப்பார்கள்.

கையில் கட்டிய பட்டை

மருந்துக்கு மட்டுமல்ல, கருவிக்கும் பரீட்சை உண்டு.

1986-ம் ஆண்டு அமெரிக்காவில் நாய்களிடம் ஓர் அதிசயம் கண்டார்கள். இருதயக் குழாயை ஐந்து நிமிஷம் அடைத்து, திறந்து, இப்படி நாலு தடவை பழக்கினார்கள். பிறகு நீண்ட நேரம் அடைத்தார்கள். பழக்கப்பட்ட இருதயத்தில் சேதம் மிகக் குறைவாக இருந்தது!

இதை வைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, ஐந்து நிமிஷம் இறுக்கி, ஐந்து நிமிஷம் தளர்த்தி, இருதயத்தைக் காக்க முடியுமா என்று பார்த்தார்கள். மருந்துச் செலவே இல்லாத வழி! ஆரம்ப முடிவுகளும் நம்பிக்கை கொடுத்தன.

பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா நாடுகளில் 5,401 பேரிடம் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

அடைப்பு திறக்கும்போது நேரும் சேதத்தைத் தடுப்பதற்கென்று, டாக்டர்கள் எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. தேடல் நடந்துகொண்டிருக்கிறது.

தோல்வியையும் சொல்ல வேண்டும்

இத்தனை தோல்வியும் வீண்தானா? இல்லை.

பிரெஞ்சு டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பிய மருந்து அது. அது தோற்றதை அவர்களே உலகத்தின் முன்னால் சொன்னார்கள். மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயனில்லாத ஓர் ஊசி ஆஸ்பத்திரிகளில் புகுந்திருக்கும். ஏழைக் குடும்பம் அதற்கும் தாலியை அடகு வைத்திருக்கும்.

ஜெயித்ததை மட்டும் சொல்லித் தோற்றதை மறைப்பது கள்ளக் கணக்கு எழுதுவதற்குச் சமம். மருந்துக் கம்பெனியானாலும் சரி, ஆராய்ச்சி நிலையமானாலும் சரி, சோதனையின் முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். தன் உடம்பைக் கொடுத்து உதவிய நோயாளிக்குச் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதை அது.

கையெழுத்துப் போடுமுன்

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. மருந்துச் சோதனைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் பதிவு செய்வது 2009-ம் ஆண்டு முதல் கட்டாயம். நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்க வேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் தர வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

கையெழுத்துக் கேட்டால் வீட்டார் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

வழக்கமான சிகிச்சை எப்படியும் கிடைக்குமா?

மருந்தினால் என்ன கெடுதல் வரலாம்?

தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது?

சேர மறுத்தால் சிகிச்சையில் குறை வருமா?

நடுவில் விலகிக்கொள்ளலாமா?

மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இது நோயாளியின் உரிமை. புரியாத காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். புரியும்படி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை.

கைவசம் உள்ள மருந்து

புது மருந்து வரும்போது வரட்டும். இன்றே எல்லார் கையிலும் ஒரு மருந்து இருக்கிறது. அதன் பெயர் நேரம்!

ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சாவு பாதியாகக் குறைந்தது என்று இத்தாலியச் சோதனை சொல்லவில்லையா? பரீட்சையில் தேறிய உண்மை அது.

நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல் அழுத்தம். இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி. குப்பென்று வியர்வை. மூச்சுத் திணறல். இவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அவ்வளவு தெரியாமலும் வரலாம்.

"வாய்வுப் பிடிப்பு" என்று சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, "விடியட்டும், பார்ப்போம்" என்று படுத்துக்கொள்வதில் எத்தனையோ குடும்பங்களில் விளக்கு அணைந்திருக்கிறது. வாய்வா, மாரடைப்பா என்பதை ஈ.சி.ஜி. சொல்லட்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

வராந்தாவில் நிற்கும் அந்த அம்மாளுக்கு இப்போது பதில் சொல்லலாம்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் எலி அல்ல. எலியிடம் கேட்காமல் ஊசி போடுவார்கள். உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். "சரி" என்று சொல்வதும் "வேண்டாம்" என்று சொல்வதும் உங்கள் இருவரின் இஷ்டம். ஆனால் ஒன்று. இன்று உங்கள் வீட்டுக்காரருக்கு உள்ளே கொடுக்கிறார்களே, அந்த ஆஸ்பிரின் மாத்திரை! அது நல்லது என்று உலகத்துக்குத் தெரிந்தது, முன்பு 17,187 பேர் சேர்ந்த அந்தச் சோதனையால்தான்.